இருபத்தொரு நாளுக்கு ஒரு சிவப்புக் கட்டம்

என் மனைவி கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பிளஸ் டூ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தவள். பதினான்கு வருடமாக சர்க்யூட் போர்டுகளை விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்து, சால்டரிங் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். நான் அதே சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். வீட்டில் மிக்சி முதல் மோட்டார் வரை எது கெட்டாலும் நான்தான் டாக்டர் என்ற மிதப்பு எனக்கு உண்டு. அதனால் எங்கள் வீட்டுக்கென்றே ஒரு கிளவுடை அவள் தனியாளாக அமைத்துவிட்டாள் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. இப்போது பார்க்கிறவனிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மில் கேன்டீனில் என்னைப் பார்த்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், பத்து வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தலசீமியா என்று சொல்லிவிட்டார்கள். அவள் உடம்பு தேவையான ரத்தத்தைத் தானாகச் செய்துகொள்ளாது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். பதினெட்டாம் நாளிலிருந்தே அவள் முகம் வெளுக்கத் தொடங்கும். இருபத்தோராம் நாள் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் இருவரில் ஒருவர் அந்த நாளில் அவளைச் சென்னைக்கு அழைத்துப் போய், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, சாயந்திர ரயிலில் திரும்ப வேண்டும். எங்கள் வீட்டில் வேறு எது தவறினாலும் சமாளித்துக்கொள்ளலாம். இது தவறக் கூடாது.

சொல்ல எளிது. மனைவியும் நானும் ஷிப்ட் ஆட்கள். காலை ஆறு மணிக்கு ஏ, மதியம் இரண்டுக்கு பி, இரவு பத்துக்கு சி. எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, பண்டிகை எல்லாமே ஷிப்டைக் கேட்டுத்தான் நடக்கும். ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் மாதா கோயில் காலண்டர் ஒன்று தொங்கும். அதில் என் ஷிப்டை நான் நீலப் பேனாவில் எழுதுவேன், அவள் பச்சையில் எழுதுவாள், மகளின் நாளைச் சிவப்பில் வட்டமிடுவோம். ஃபோர்மேன் ஷிப்டை மாற்றினால் நீலத்தை அடித்து எழுதுவேன். மாத முடிவில் அந்தத் தாளைப் பார்த்தால் கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

சிவப்பு வட்டத்தை மட்டும் நான் ஒன்றுக்கு மேல் போட மாட்டேன். அடுத்த தேதி ஒன்று, அவ்வளவுதான். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் ஒருவர், "பாவம், இன்னும் எத்தினி நாளைக்கு?" என்று என் மகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தேன். வருகிற வழியில் அவரை நினைத்து நினைத்துத் திட்டினேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அதனால்தான் காலண்டரில் அடுத்த வட்டத்துக்கு மேல் எனக்குக் கை போகாது. இதை மனைவியிடம் நான் சொன்னதில்லை.

ரத்தம் மட்டும் இல்லை, காகிதமும் உண்டு. பத்து வருட ரிப்போர்ட்டுகள் ஒரு கனத்த ஃபைலில் இருந்தன. அதில் ஒரு காகிதம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மகளுக்கு ஆறு வயதில், முன்பு ஏற்றிய ஏதோ ஒரு ரத்தத்தை அவள் உடம்பு எதிரியாக நினைத்து, அதை எதிர்க்க ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. அதற்குப் பெயர் ஆன்டிபாடி என்றார்கள். அன்றிலிருந்து எல்லாப் பையும் அவளுக்கு ஆகாது. அந்த ஒன்று இல்லாத பையாகத் தேட வேண்டும். டாக்டரம்மா அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துச் சொன்னதை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "கொஞ்ச நாள் போனா டெஸ்ட்ல இது தெரியாமப் போயிடும். ஆனா உடம்பு மறக்காது. தப்பான பை ஏறினா பெரிய ஆபத்து. அதனால இந்தப் பேப்பர் எப்பவும் உங்க கையில இருக்கணும்."

அந்தப் பேப்பர்தான் ஒரு டிசம்பர் மழையில் நனைந்தது. முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அரிசியையும் மகளையும் கட்டில் மேல் ஏற்றிய நான், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஃபைலை மறந்துவிட்டேன். தண்ணீர் வடிந்த பிறகு மனைவி தரையில் உட்கார்ந்து, ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய வேட்டியில் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே காயப் போட்டாள். பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த ஒரு ரிப்போர்ட் மட்டும் ஓரமெல்லாம் பழுப்பேறி, மை கசிந்து, ஆனாலும் படிக்கிற நிலையில் தப்பித்தது. அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. காய்ந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஒரே எடத்துல இருந்ததுதான் தப்பு" என்று மட்டும் சொன்னாள்.

போட்டோ எடுத்து போனில் வைத்தால் ஆயிற்று என்றேன் நான். என் போனில் இடம் இல்லை. காலை வணக்கப் படங்களும் சினிமாத் துணுக்குகளும் அடைத்துக்கொண்டிருந்தன. அவளுடைய போனோ தினமும் எட்டு மணி நேரம் கம்பெனி கேட்டில் ஒரு பைக்குள் தூங்கும். போர்டு செய்கிற இடத்துக்குள் கேமரா வைத்த போனை விட மாட்டார்கள். அவளிடம் இருக்கிற பேப்பர் எனக்கு வேண்டும் என்றால் இரண்டு மணி வரை காத்திருக்க வேண்டும். இதைத்தான் அவள் யோசித்தாள். ஒருவர் போனில் வைத்தது மற்றவர் போனிலும் தானாக வந்து உட்கார வேண்டும். ஒருவர் ஷிப்டை மாற்றினால் மற்றவர் காலண்டரிலும் மாற வேண்டும். அதுவும் எங்கேயோ முகம் தெரியாத கம்பெனியில் இல்லாமல், எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

"கொழந்த ரத்தத்தப் பத்தின பேப்பரு. அது நம்ம ஊட்டுல கெடக்கட்டும்" என்றாள்.

கடம்பத்தூரில் இருக்கிற அவள் தங்கை வீட்டுப் பரணில், பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று கிடந்தது. மூடி ஒரு பக்கம் உடைந்து தொங்கியது. பேட்டரி செத்துப்போயிருந்தது, கரண்டில் செருகினால் மட்டும் உயிர் வரும். அதைத் துணியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஹார்ட் டிஸ்கை மாற்ற அதைத் திறந்தபோது, கம்பெனி லைனில் கட்டுகிற மாதிரியே, உடம்பிலுள்ள மின்சாரம் போர்டைச் சுடாமல் இருக்க மணிக்கட்டில் எர்த் பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாளே, அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். நான் நானூற்று நாற்பது வோல்ட் பேனலை செருப்புக் காலோடு திறந்தவன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாமே, ஆபரேசன் பண்ணப் போறியா?"

"நீ தள்ளிக்கோ. உன் மேல இரும்புத் தூளு கீது."

பாடம் எல்லாம் கம்பெனி பஸ்ஸில். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. காதில் மாட்டிக்கொண்டு வீடியோ பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் நாற்பது பக்க நோட்டில் எழுதுவாள். அவள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் படிப்படியாக எழுதிய தாள் ஒன்று எதிரில் தொங்கும். ஒரு படி முடிந்து, சரிபார்த்து, டிக் போட்ட பிறகுதான் அடுத்தது. ஏதாவது இடறினால் மேலே போகக் கூடாது; சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்திவிட வேண்டும். அதையே வீட்டிலும் செய்தாள். நோட்டில் மூன்றாம் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், ஏழாம் பக்கத்தில் ஒன்று. எங்கள் மில்லில் மெஷின் நின்றால் முதலில் ஒரு உதை, பிறகு ஒரு சுத்தியடி, அதற்குப் பிறகுதான் யோசனை. இரண்டு பேரும் ஒரே சிப்காட்டில் வேலை பார்க்கிறோம் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

வீட்டுக்குள் வேலை செய்த கிளவுட், வாசலைத் தாண்டினால் செத்துப்போனது. வெளியிலிருந்து வீட்டு லேப்டாப்பைத் தொட, திருடன் வராத மாதிரி ஒரு தனி வழி போட வேண்டுமாம். அதற்கு மட்டும் பதினொரு நாள் ஆனது. பத்தாம் நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "வுட்டுத் தள்ளு, ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சா முடிஞ்சிது" என்றேன். அவள் தலை நிமிராமல், "ஜெராக்ஸும் எடுத்துகீறேன். இதயும் பண்ணுவேன்" என்றாள். மறுநாள் மில்லில் நான் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் சிணுங்கியது. திறந்தால், பழுப்பேறிய அந்த ரிப்போர்ட்டின் படம். கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. நான் அவளைக் கூப்பிடவில்லை; சி ஷிப்ட் முடித்து வந்தவள் இதை அனுப்பிவிட்டு அப்போதுதான் படுத்திருப்பாள். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

லேப்டாப்புக்கு இடம் ஃப்ரிட்ஜ் மேல். "கிளவுடுன்றாங்க, எங்கயோ ஆகாசத்துல இருக்கும்னு பாத்தா ஃப்ரிட்ஜ் மேல கீது" என்று கிண்டலடித்தேன்.

"பேசினது போதும். அதுக்கு பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் போனாலும் நிக்காம இருக்க ஒரு பேக்கப் போட்டுக் குடு. அது ஒன்னுதான் உன் வேல."

எனக்கா தெரியாது? அரை மணி நேர வேலை. அடுத்த ஆஃப் அன்றைக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன். அடுத்த ஆஃப் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது.

காலண்டரை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் போட்டாள். என் போன், அவள் போன், மகள் பாடம் படிக்கிற டேப் மூன்றும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகக் கிடந்தன. எனக்கு நீலம், அவளுக்குப் பச்சை, மகளுக்குச் சிவப்பு, சுவரில் இருந்த அதே நிறங்கள். மின்வாரியக்காரர்கள் பராமரிப்புக்கு கரண்டை நிறுத்துகிற நாளுக்கு மட்டும் புதிதாக ஒரு மஞ்சள். ஒரு போனில் கட்டம் போட்டால் மற்ற இரண்டிலும் அது வந்து நின்றது. மகள் கைதட்டினாள். சிவப்புக் கட்டத்துக்கு, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை திரும்ப வரட்டும் என்று மனைவி குறித்தாள். உடனே போன் கேட்டது, எதுவரை? ஒரு தேதி சொல்லலாம், இத்தனை முறை என்று சொல்லலாம், அல்லது முடிவே இல்லை என்று சொல்லலாம். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் போய் வேறு பக்கம் வந்திருந்தது. அவள் எதை அழுத்தினாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதமே ஒரு கோளாறு நடந்தது. இதை எங்களைப் போல இரண்டு கம்பெனி ஷிப்டில் வாழ்கிறவர்களால்தான் செய்ய முடியும்.

ஒரு வியாழக்கிழமை சிவப்புக் கட்டம். அந்த வாரம் எனக்கு சி ஷிப்ட், அவளுக்கு ஏ. அவள் கம்பெனியில் ஆடிட், லீவு கிடையாது. ஆகவே நான்தான் போக வேண்டும். என்னுடைய நீலத்தில் அவள், "வியாழன் லீவு போடவும்" என்று இரண்டு வாரம் முன்பே குறித்து, "பாத்துட்டு சரின்னு போடுய்யா" என்றும் சொல்லியிருந்தாள். நான் பார்க்காமலே சரி என்று அழுத்தினேன். காலண்டர் சொன்னபடி வியாழனுக்கு லீவும் எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை இரவு சாப்பிட்டு முடித்து நான் சேஃப்டி ஷூவை மாட்டினேன். அவள் தோசைக்கல்லை விட்டுவிட்டு வந்தாள்.

"எங்கய்யா கெளம்புற?"

"வேலைக்குத்தான்மே."

"நீ லீவு போட்டுகீறயே!"

"அது நாளிக்கு. இன்னிக்கு புதன் சி இருக்குது இல்ல?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முழித்துப் பார்த்தோம். பிறகுதான் விளங்கியது. எங்கள் மில்லில் ஒரு நாள் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்கி சி ஷிப்டோடு முடியும். இரவு பத்துக்குத் தொடங்குகிற ஷிப்ட், தொடங்கின தேதியில் சேரும். அவள் கம்பெனியில் சி ஷிப்ட்தான் நாளின் முதல் ஷிப்ட். அது முடிகிற தேதியில் சேரும். அங்கே வியாழன் லீவு என்றால் புதன் இரவு வீட்டில் தூங்கலாம், காலையில் தெளிவாக ஆஸ்பத்திரி போகலாம். எங்கள் மில்லில் வியாழன் லீவு என்றால் புதன் இரவு முழுக்க வேலை பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய் வந்த பிறகு வியாழன் இரவுதான் லீவு. பதினோரு வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறோம், இது எங்களுக்குத் தெரியாது. பேச்சில் எப்போதும் "இன்னிக்கு நைட்டு" என்றுதானே சொல்வோம்?

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊட்டுக்குள்ள கிளவுட்டு வெச்சா மட்டும் போதுமா? இன்னிக்கா நாளிக்கான்னு கூடத் தெரியல" என்று கத்தினேன். பார்க்காமல் சரி என்று அழுத்தியவன் நான் என்பது கத்தும்போது ஞாபகம் வரவில்லை. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். "தப்பு என்னுது. இனிமே ஷிப்ட் பேரு போட மாட்டேன், மணி போடறேன். நீ வேல முடிச்சி நேரா வந்து கூட்டிக்கினு போறியா?" என்றாள். அந்த நேரத்தில் யாரையும் மாற்றிவிட முடியாது. சரி என்றேன்.

வியாழன் காலை அவள் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போகும்போது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். நான் ஆறரைக்கு வந்து, சட்டையை மாற்றி, பீரோ மேலிருந்த ஃபைல் பையை இழுத்துக்கொண்டு, மகளை வண்டியில் ஏற்றி கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், நான் ஜன்னலில் சாய்ந்து தூங்கினேன். எண்ணூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. இரண்டு பேரையும் பார்த்தவர்களுக்கு யாருக்கு ரத்தம் ஏற்றப் போகிறார்கள் என்று சந்தேகம் வந்திருக்கும்.

வழக்கமான ஆஸ்பத்திரியில் அன்று அவளுக்குப் பொருந்துகிற பை இல்லை. எப்போதாவது இப்படி நடப்பதுதான். ரத்த மாதிரியையும் ஒரு சீட்டையும் கொடுத்து, நகரத்தில் வேறொரு ரத்த வங்கிக்குப் போய் வாங்கி வரச் சொன்னார்கள். ஆன்டிபாடி இருக்கிறது, பழைய ரிப்போர்ட் இணைப்பு என்று சீட்டில் எழுதியிருந்தது. ஆட்டோவில் போய் இறங்கினோம். கண்ணாடி போட்ட ஒரு அம்மா மாதிரியை வாங்கிக்கொண்டு போனார். முக்கால் மணி கழித்து வந்து, "எங்க டெஸ்ட்ல ஆன்டிபாடி எதுவும் தெரியலையே. எந்த ஆன்டிபாடின்னு பழைய ரிப்போர்ட்ல பாத்தாத்தான் அதுக்கேத்த பையைத் தேட முடியும். கொடுங்க" என்றார்.

பையில் கைவிட்டேன். முதலில் வந்தது மகளின் பழைய மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு. அடுத்தது சமூக அறிவியல். ஒரே துணிக்கடை கொடுத்த இரண்டு பைகள் பீரோ மேல் இருந்தன. நான் தூக்கத்தில் வேறு பையை இழுத்து வந்திருக்கிறேன். ஃபைல் ஆரம்பாக்கத்தில் இருந்தது. ஜெராக்ஸும் அதற்குள்ளேதான் இருந்தது.

டாக்டரம்மா சொன்னபடியே டெஸ்டில் அது ஒளிந்துகொண்டுவிட்டது. அவர் அன்று விடுப்பு. பழைய பதிவுகளைத் தேடி எடுத்தால் சாயந்திரம் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்கள். சாயந்திரம் என்றால் அன்றைக்கு ரத்தம் கிடையாது. மகள் சுவரில் தலையைச் சாய்த்து, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். மனைவியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போன் கேட்டில் பைக்குள் தூங்குகிறது.

அப்போதுதான் கிளவுட் ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன். முதலில் காலண்டர் திறந்துகொண்டது. வியாழக்கிழமையில் சிவப்புக் கட்டத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் கட்டம்: காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இருக்காது. மணி பதினொன்றரை. ஃபைல்கள் இருக்கிற ஆப்பைத் தொட்டேன். சர்வருடன் இணைக்க முடியவில்லை என்று வந்தது. மீண்டும் தொட்டேன். மீண்டும் அதே.

ஃப்ரிட்ஜ் மேல் லேப்டாப் செத்துக் கிடக்கிறது. அரை மணி நேர வேலை. அதைத்தான் அடுத்த ஆஃபில் என்று இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன். மில்லில் அத்தனை மோட்டாருக்கும் பேக்கப் பார்க்கிறவன், என் மகளின் பேப்பர் இருக்கிற பெட்டிக்குப் போடவில்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க முடியவில்லை.

"நைனா, இன்னாச்சு?"

"கரண்ட் இல்லடா கண்ணு. ஊட்டுல பெட்டி நின்னுப்போச்சு. பேப்பர் வராது."

அவள் கை நீட்டி போனை வாங்கினாள். "நீ அங்கிருந்து எடுக்கப் பாக்குற நைனா. இங்கயே கீது. அம்மா அதுக்கு நட்சத்திரம் போட்டு வெச்சிகீறாங்க." ஓரத்தில் எதையோ தொட்டாள், இன்னொன்றைத் தொட்டாள். பழுப்பேறிய ஓரம், கசிந்த மை. அந்த ரிப்போர்ட் என் போனுக்குள்ளேயே இருந்தது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் வீட்டு லேப்டாப்பில் இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மகளின் முக்கியமான பன்னிரண்டு பேப்பர்களை மட்டும் மனைவி, மூன்று கருவிகளிலும் நிரந்தரமாக ஒவ்வொரு பிரதி தங்குகிற மாதிரி வைத்திருக்கிறாள். வீட்டில் கரண்ட் போனாலும், நெட் போனாலும், வெள்ளமே வந்தாலும் அது கையில் இருக்கும். நான் பேக்கப் போட மாட்டேன் என்று தெரிந்தே செய்தாயா என்று கேட்டேன். "உன்ன நம்பாம இல்ல. டாக்டரம்மா கையில இருக்கணும்னுதான சொன்னாங்க?" என்றாள்.

கண்ணாடி அம்மா படத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தார். பெயரையும் தேதியையும் சரிபார்த்துக் குறித்துக்கொண்டார். "நல்லவேளை. இதைத் தெரியாமக் கொடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து, மகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யாரும்மா இவ்ளோ ஒழுங்கா ஃபைல் பண்ணி வெச்சது?"

"எங்கம்மா" என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இடம் எதுவும் இல்லை. நியாயம்தான். ஒன்றரை மணி நேரத்தில் பொருத்தமான பை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, ஊசி குத்தி, முதல் சொட்டு இறங்கியபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. மகள் என் போனிலேயே அந்தப் பையைப் படம் எடுத்து, சிவப்புக் கட்டத்துக்குள், "ஏறுது" என்று எழுதினாள்; வீட்டுப் பெட்டி நின்றிருந்ததால் அதையே அம்மாவின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினாள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மனைவி கூப்பிட்டாள். நான் நடந்ததையெல்லாம் சொல்ல மூச்சை இழுத்தேன்.

"பாத்துட்டேன்" என்றாள். பஸ் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

சாயந்திர ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ரத்தம் ஏறிவிட்டால் என் மகள் வேறு பிள்ளை. கன்னம் சிவந்து, வாய் மூடாது. வேர்க்கடலை வாங்கித் தந்தேன். ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் என் போனில் காலண்டரைத் தள்ளிக்கொண்டே போனாள். நான் பொன்னேரி வரை கண்ணை மூடியிருந்தேன். என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"நைனா, இத்தப் பாரு. சரியாவே இல்ல."

மறுபடி ஷிப்ட் கோளாறா என்று பதறிக் குனிந்தேன். ஒரு டிசம்பர் மாதம். இருபத்தைந்தாம் தேதியில் சிவப்புக் கட்டம். மேலே வருடத்தைப் பார்த்தேன். பதினைந்து வருடம் தள்ளி இருந்தது. மகளுக்கு அப்போது இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். நான் விரலால் இன்னும் தள்ளினேன். அதற்கு அடுத்த வருடமும் இருந்தது. அதற்கும் அடுத்த வருடம் இருந்தது. தள்ளத் தள்ள இருபத்தொரு நாளுக்கு ஒன்று வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மனைவி எதை அழுத்தினாள் என்று இப்போது எனக்குத் தெரிந்தது.

"கிறிஸ்மஸ் அன்னிக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்றாள் மகள், கடலைத் தோலை ஊதிக்கொண்டே. "அம்மாகிட்ட சொல்லி மாத்தி வெக்கச் சொல்லு. ஒரு நாள் முன்னாடி போயிட்டு வந்துடலாம்."

"சரிம்மா" என்றேன். "முன்னாடியே போயிட்டு வந்துடலாம்."